கொசுவுக்குப் போட்ட கரை

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் டைட்டஸ்வில் ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் மெரிட் தீவு. கென்னடி விண்வெளி மையம் இருக்கும் அதே இடம். 1960களின் தொடக்கத்தில், சந்திரனுக்கு ஆள் அனுப்பத் தீர்மானித்த நாசா இங்கே நிலம் வாங்கிக் குவித்தது. ஏவுதளங்களுக்குத் தேவைப்பட்ட இடம் சிறிது; ராக்கெட் வெடித்தால் யார் தலையிலும் விழாமல் இருக்கச் சுற்றிலும் தேவைப்பட்ட வெற்றிடம் மிகப் பெரிது. அந்த வெற்றிடத்தைப் பராமரிக்கும் பொறுப்பை 1963இல் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறையிடம் ஒப்படைத்தார்கள். இன்று அதன் பரப்பு சுமார் 1,40,000 ஏக்கர். உலகத்திலேயே பரபரப்பான ஏவுதளங்களில் ஒன்றுக்கு வேலியாக ஒரு பறவைப் புகலிடம் அமைந்தது இப்படித்தான்.

புகலிடத்தின் வடபகுதியில், இந்தியன் ரிவர் என்று பெயரிடப்பட்ட காயலின் ஓரமாக, ஏழு மைல் நீளத்துக்கு ஒரு மண் சாலை வளைந்து போகிறது. பெயர் பிளாக் பாயின்ட் வைல்ட்லைஃப் டிரைவ். ஒருவழிப் பாதை. இரு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீர், நடுநடுவே புல் திட்டு, அலையாத்திப் புதர். ஆறு என்ற பெயர்தான் இருக்கிறதே தவிர, இந்தியன் ரிவர் கடலை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் உப்புநீர்க் காயல். சாலையின் நுழைவில் கட்டணம் கட்டி, கார்க் கண்ணாடிகளை இறக்கி, ஊர்ந்துகொண்டே போக வேண்டியதுதான். குளிர்காலத்தில், அதிலும் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால், பத்துப் பதினைந்து அடியில் ஒரு கொக்கு மீன் பிடித்து விழுங்குவதைத் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம். வேறு பல நாடுகளில் இதே காட்சிக்கு மறைப்புக் கூடாரம் போட்டு மணிக்கணக்கில் குந்தியிருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு அங்கே முன்பின் தெரியாத முகங்கள் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பனிக்காலத்தில் இறங்கும் ஊசிவால் வாத்தும் ஆண்டி வாத்தும் நம் கோடியக்கரைக்கும் வரும் அதே இனங்கள். வடக்கே முட்டையிட்டுவிட்டு, உலகின் அந்தப் பக்கமாகத் தெற்கே இறங்கியவை. மின்கம்பத்தின் உச்சியில் மீனைக் கிழித்துக்கொண்டிருக்கும் விராலடிப்பானும் அப்படியே. அங்குள்ள மர நாரை, வேடந்தாங்கலில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையின் பேரினத்தைச் சேர்ந்தது. மண்டை மட்டும் மொட்டையாக, தோல் சுருங்கி, கொஞ்சம் பார்க்கச் சகிக்காத சித்தப்பா.

இவையெல்லாம் காரைக் கண்டு ஏன் எழுந்து பறப்பதில்லை?

பழகிப்போச்சு என்பது பாதிப் பதில். முழுப் பதிலுக்குப் பறவையின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் ஆபத்து நெருங்கும்போது பறவை எந்தத் தொலைவில் எழுகிறதோ அதைப் பறந்தெழும் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நெடுங்காலமாக, பறவை ஆபத்தைக் கண்ட கணத்திலேயே எழுந்துவிடுகிறது என்றுதான் பலரும் எண்ணிவந்தார்கள். 1986இல் ரான் யிடன்பெர்க், லாரன்ஸ் டில் என்ற இரு சூழலியலாளர்கள் இதைப் பொருளாதாரப் பிரச்சினையாகத் திருப்பிப் போட்டார்கள். ஓடுவதற்கும் விலை உண்டு. எழுந்தால் இரை போகும், நல்ல இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும், சிறகடிப்பதற்கு எரிந்த கொழுப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஆகவே பறவை ஆபத்தை முன்னதாகவே பார்த்துவிட்டு, நிற்பதால் வரும் நஷ்டம் ஓடுவதால் வரும் நஷ்டத்தைத் தாண்டும் புள்ளி வரை காத்திருக்கிறது. நாம் நெருங்கும்போது தலையைத் தூக்கி, உடம்பை விறைத்து நிற்கும் கொக்கு நம்மைக் கவனிக்காமல் இல்லை. கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கில் காருக்குக் கிடைக்கும் மதிப்பெண் மனிதனுக்குக் கிடைப்பதில்லை. கார் ஒரே தடத்தில் போகிறது. பறவையை நோக்கித் திரும்புவதில்லை, பக்கவாட்டில் கடந்துபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காருக்கு இரண்டு காலும் தோளும் தலையும் கிடையாது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லும் அம்பும் குண்டும் வந்த திசையில் அந்த உருவம் நின்றிருக்கிறது. இதே காயலில், மெரிட் தீவுக்குத் தெற்கே உள்ள பெலிக்கன் தீவைத்தான் 1903இல் தியடோர் ரூஸ்வெல்ட் பறவைகளுக்கென்று ஒதுக்கினார். அமெரிக்காவின் முதல் தேசிய வனவுயிர்ப் புகலிடம் அது. சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு வேண்டி ஃப்ளோரிடாக் கொக்குகளைக் கூட்டில் வைத்தே சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

காரைவிட மனித உருவத்துக்குத்தான் பறவை அஞ்சுகிறது என்பதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. ஃப்ளோரிடாவின் மறுகரையில், சானிபெல் தீவில், டிங் டார்லிங் புகலிடம் இருக்கிறது. அங்கும் நான்கு மைல் கார்ச் சாலை உண்டு. அங்கே மேரி க்ளைன் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. கார் கடந்துபோவதால் பறவைகளுக்கு நேரும் தொந்தரவைவிட, காரிலிருந்து இறங்கி நடந்து நெருங்குவதால் நேரும் தொந்தரவு அதிகம் என்று அவர் கண்டார். யார் அதிகம் இறங்குகிறார்கள் என்றும் பார்த்தார். புகைப்படக்காரர்கள். நூறு அடியில் எல்லாம் தெரிந்தாலும், இன்னும் ஐந்தடி நெருங்கினால் கண்ணில் ஒளிப்புள்ளி விழும் என்று கதவைத் திறப்பவர்கள். பறவைகளை உயிராக நேசிப்பவர்கள்தான் அவற்றை அதிகம் விரட்டுகிறார்கள் என்பது கசப்பான உண்மை. கேமராவோடு அலையும் நம் ஊர் ஏரிக்கரை நண்பர்களுக்கும் இது பொருந்தும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: புகலிட ஊழியரிடமோ தன்னார்வலரிடமோ சற்று நின்று பேசிவிட்டுப் போனவர்கள் குறைவாகவே தொந்தரவு செய்தார்கள்.

வர்ஜீனியாவின் பாக் பே புகலிடத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. குளிர்கால வாத்துகள் இருக்கும், நீர் தேக்கிய பாத்திகளின் ஓரமாக நடப்பவர், சைக்கிளில் போகிறவர், டிரக், மின்சார டிராம் வண்டி என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தார்கள். வாத்துகளை அதிகம் கலைத்தவர்கள் நடப்பவரும் சைக்கிள்காரரும்தான். மோட்டார் வண்டிகள் குறைவாகவே கலைத்தன. சூழலுக்கு உகந்த வாகனம் சைக்கிள் என்று நம்பும் நமக்கு இது உவப்பாக இருக்காது. புகை, சத்தம் இரண்டும் வாத்துக்கு ஒரு பொருட்டில்லை போலிருக்கிறது. சைக்கிளின் மேல் மனித உருவம் மறைப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

இதனால் கார் அப்பாவி என்று ஆகிவிடாது. க்ளைனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995இல் எழுதிய கட்டுரையில், வருடம் முழுதும் அங்கேயே வாழும் பறவைகள் சாலையைச் சகித்துக்கொள்ள, வலசை வந்த வாத்துகள் விலகியே நின்றதைப் பதிவு செய்தார்கள். அதிலும் அக்டோபர் நடுவில் வந்து இறங்கியதிலிருந்து டிசம்பர் வரை அவை மிகவும் மிரண்டன. பல நூறு மைல் பறந்து, உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் கரைந்து வந்தவை அவை. சாலையோரம் கண்ணில் படும் பறவைகளை வைத்து, எல்லாப் பறவைகளும் காரை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று முடிவுகட்டக் கூடாது. ஏற்காதவை நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கின்றன, அவ்வளவே. டிங் டார்லிங்கில் வெள்ளிக்கிழமைதோறும் சாலையை மூடிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் பறவைக்கு விடுமுறை.

காரைப் பற்றி நாசாவுக்கும் ஒரு கவலை வந்தது. 2005 ஜூலையில் டிஸ்கவரி விண்ணோடம் கிளம்பிய சில நொடிகளில் அதன் பெரிய எரிபொருள் தொட்டியில் ஒரு பறவை மோதியது. கழுகு அளவுள்ள பிணந்தின்னிப் பறவை என்று படங்கள் காட்டின. சாலைகளில் கார் மோதிச் சாகும் விலங்குகள்தான் இந்தப் பறவைகளை ஏவுதளத்தின் பக்கம் இழுக்கின்றன என்று புரிந்து, அடுத்த ஆண்டு முதல் ஏவுதலுக்கு முன்னால் அடிபட்ட விலங்குகளை உடனுக்குடன் அகற்றும் ஏற்பாட்டைச் செய்தார்கள். விண்வெளிப் பயணத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் செத்த விலங்குக்கும் ஓர் இடம் கிடைத்தது.

சரி, காரில் உட்கார்ந்தபடி என்ன செய்ய வேண்டும்? நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிடுவது முதல் வேலை. அதிர்வு தொலைநோக்கியில் பத்து மடங்காகத் தெரியும், சூடான எஞ்சின் மேலிருந்து எழும் காற்றும் காட்சியைக் குலைக்கும். கதவில் ஒரு மணல் மூட்டையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். பத்து மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் வெப்ப அலை நெளிய ஆரம்பித்துவிடும். எத்தனை லட்சத்துக்கு லென்ஸ் வாங்கியிருந்தாலும் தூரத்துப் பறவை கஞ்சிபோல் கலங்கித்தான் தெரியும். உபகரணங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது தண்ணீரை.

ஒரே பாத்தியில் ஐந்து வகைக் கொக்கும் நாரையும் அடுத்தடுத்து நிற்கும். முதல் பார்வைக்கு எல்லாம் மீன் பிடிப்பதாகத்தான் தோன்றும். கால் மணி நேரம் நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு தொழில் செய்வது தெரியும். நம் சின்ன வெள்ளைக் கொக்குக்கு அமெரிக்க உறவான பனிக்கொக்கு, கறுப்புக் காலின் நுனியில் இருக்கும் மஞ்சள் பாதத்தைத் தண்ணீருக்குள் நடுங்கவிட்டு, ஒளிந்திருக்கும் இறால்களைக் கிளப்புகிறது. செங்கொக்கு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது. பழுப்புச் சிவப்புக் கழுத்து, கலைந்த தலைமுடி. அது நிதானத்தில் நம்பிக்கை இல்லாதது. ஓடும், குதிக்கும், திடீரென்று திரும்பும், இறக்கையைக் குடைபோல விரித்து நிற்கும். குடிபோதையில் தடுமாறுகிறதோ என்று நினைக்கும்போது அலகில் மீன் இருக்கும். விரித்த இறக்கை தண்ணீரின் மேல் விழும் கண்கூச்சத்தைத் தணிக்கிறது என்று சொல்கிறார்கள். நிழலைத் தேடி மீன்கள் வருகின்றன என்றும் சொல்கிறார்கள்.

மர நாரைக்குக் கண்ணே தேவையில்லை. அலகைப் பாதி திறந்து கலங்கிய நீருக்குள் விட்டுக் காத்திருக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும். எவ்வளவு வேகம்? 1960களில் அளந்து பார்த்தார்கள்: சுமார் 25 மில்லி நொடி. நாம் கண்ணிமைக்க எடுக்கும் நேரத்தில் பல முறை மூடித் திறக்கலாம். முதுகெலும்புள்ள பிராணிகளின் அனிச்சைச் செயல்களில் மிக வேகமானவற்றுள் இதுவும் ஒன்று. இளஞ்சிவப்புக் கரண்டிவாயனும் தொட்டுணர்ந்தே சாப்பிடுகிறது, அலகை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு. அதன் நிறம் அது தின்னும் சிறு கணுக்காலிகளிடமிருந்து கடன் வாங்கியது.

தொட்டுப் பிடிக்கும் பறவைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அலகில் வந்து மோதும் அளவுக்கு மீன் நெருக்கமாக இருக்க வேண்டும். பரந்த தண்ணீரில் சிதறிக் கிடக்கும் மீனால் மர நாரைக்குப் பயனில்லை. நீர்மட்டம் இறங்கி, பள்ளங்களில் மீன் ஒதுங்கும்போதுதான் அதற்கு விருந்து. பிளாக் பாயின்ட்டில் இவ்வளவு பறவைகள் கார் ஓரத்தில் கிடைப்பதற்குக் காரணம் தேட வேண்டியது இங்கேதான். இங்கே தண்ணீர் தானாக ஏறி இறங்குவதில்லை. காயலின் இந்த வடபகுதியில் கடலின் அலையேற்றம் கிட்டத்தட்ட எட்டுவதே இல்லை. பாத்திகளில் நீரை ஏற்றி இறக்குவது மதகுகள். அந்த மதகுகள் எதற்காக வைத்தவை, நாம் கார் ஓட்டிக்கொண்டு வந்த இந்தக் கரை எதற்காகப் போட்டது?

பறவைக்காக இல்லை. கொசுவுக்காக.

ஃப்ளோரிடாவின் இந்தப் பகுதிக்கு ஸ்பானியர்கள் காலத்திலிருந்தே கொசுதான் அடையாளம். மெரிட் தீவுக்கு வடகிழக்கே இருக்கும் காயலின் பெயர் இன்றைக்கும் மஸ்கிட்டோ லகூன், அதாவது கொசுக் காயல். இன்று டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆரஞ்சு கவுன்டி, 1845 வரை மஸ்கிட்டோ கவுன்டி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரைக் குடியேறச் சொல்வது என்று யோசித்திருப்பார்கள்.

உவர்ச் சதுப்பின் கொசு நம் வீட்டுத் தொட்டிக் கொசுவைப் போன்றதில்லை. ஏடிஸ் டேனியோரிங்கஸ் என்ற இந்த இனத்தின் பெண், தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈரமான சேற்று மண்ணில், தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து இடுகிறது. முட்டை மண்ணிலேயே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பெருமழையோ காயல் நீரோ ஏறி அந்த மண்ணை மூடினால் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் பொரிந்து, ஒரு வாரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கறுப்பு மேகமாக எழும். பல மைல் தூரம் பறந்துபோய்க் கடிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வந்தது. விமானத்திலிருந்து தெளித்தார்கள். 1940கள் முடிவதற்குள்ளாகவே இந்தக் கடற்கரையின் கொசு டிடிடிக்குத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டது. கொசுக்கள் டிடிடியை எதிர்த்து நின்றதற்கு உலகில் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று இந்த ப்ரெவார்ட் கவுன்டியிலிருந்து வந்ததுதான்.

மருந்து தோற்றபோது மண்வெட்டி வந்தது. முட்டையிட ஈர மண் வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதுதானே இந்தக் கொசுவின் நிபந்தனை? அப்படியானால் தண்ணீரை நிற்கவைத்துவிட்டால் போயிற்று. சதுப்பைச் சுற்றி உட்பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கரையாகக் குவித்து, உள்ளே நீரைத் தேக்கினார்கள். 1950களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை இந்தியன் ரிவர் காயலைச் சுற்றி 16,000 ஹெக்டேருக்கு மேல் சதுப்பும் அலையாத்தியும் இப்படிப் பாத்திகளாயின. மெரிட் தீவில் மட்டும் எழுபதுக்கு மேல். புத்திசாலித்தனமான யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பூச்சியின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்து, சொட்டு நஞ்சில்லாமல் அதன் பிறப்பைத் தடுத்தது. கொசு பெருமளவு குறைந்தது. கரையின் மேல் வண்டி ஓடும் அளவுக்கு அகலம் இருந்தது, பராமரிப்பு வண்டிகள் ஓடின. பிற்பாடு அந்தக் கரையில் ஏழு மைலைப் பார்வையாளருக்குத் திறந்துவிட்டார்கள். டிங் டார்லிங்கின் நான்கு மைல் சாலையும் கொசுத் தடுப்புக் கரைதான்.

இந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒரு குருவி.

கடலோரச் சதுப்புக் குருவி என்று அமெரிக்கக் கிழக்குக் கரையெங்கும் ஒரு சிறு பறவை உண்டு. டைட்டஸ்வில்லைச் சுற்றியிருந்த கிளை மட்டும் மற்றவற்றைவிடக் கறுப்பு. மார்பில் மையால் கீறியதுபோல் அழுத்தமான கோடுகள். 1872இல் சார்ல்ஸ் மேனார்ட் அதைக் கண்டெடுத்தார், மறு ஆண்டு ராபர்ட் ரிட்ஜ்வே அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கறுங்குருவி என்று இங்கே அழைப்போம். அது வாழ்ந்த இடம் மெரிட் தீவின் சதுப்பும், அதற்கு மேற்கே சில மைல் தள்ளி செயின்ட் ஜான்ஸ் ஆற்றின் மேட்டுச் சதுப்பும். வட அமெரிக்காவில் இவ்வளவு சிறிய எல்லைக்குள் வாழ்ந்த பறவை அனேகமாக வேறில்லை. உயரமாகவும் இல்லாமல் தாழவும் இல்லாமல், அவ்வப்போது நனைந்து காயும் ஒரு வகைக் கோரைப்புல்லில், தரைக்குச் சற்று மேலே கூடு கட்டும். கொசு முட்டையிடும் மண்ணும் இந்தக் குருவி கூடு கட்டும் புல்லும் ஒரே உயரத்தில் இருந்தன. கரை கட்டித் தண்ணீரை நிறுத்தியதும் புல் அழுகியது, சம்பு வளர்ந்தது.

1963இல் புகலிடம் பிறந்தபோது மெரிட் தீவின் சதுப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே பாத்திகளாகிவிட்டது. புகலிடத்துக்காரர்களுக்குப் பாத்தியில் நின்ற தண்ணீர் வசதியாகவே இருந்தது. வாத்துகள் வந்தன. வாத்து கண்ணுக்கு நிறைவான பறவை, வேட்டைக்காரருக்கும் பிடித்தது. புல்லுக்குள் பூச்சிபோல் இரையும் கறுத்த குருவிக்கு ஆதரவாளர் குறைவு. 1967இல் அழியும் நிலையிலிருக்கும் உயிர்களின் முதல் அரசுப் பட்டியல் வந்தபோது கறுங்குருவி அதில் இருந்தது; பட்டியல் போட்ட துறையே அதன் சதுப்பையும் பராமரித்துக்கொண்டிருந்தது. 1977க்குப் பிறகு மெரிட் தீவில் அதன் குரலைக் கேட்டவர் இல்லை. செயின்ட் ஜான்ஸ் ஆற்றோரம் இதற்கென்றே 1971இல் ஒரு புகலிடம் தொடங்கினார்கள். அங்கே வடிகாலும் நெடுஞ்சாலையும் புல்லைக் காயவைத்தன. மாட்டுப் பண்ணைப் பக்கமிருந்து பரவிய தீ மிச்சத்தை எரித்தது.

1979, 1980இல் எஞ்சியிருந்தவற்றைப் பிடித்து வந்தார்கள். ஐந்து. ஐந்தும் ஆண். கடைசிப் பெண்ணை 1975இல்தான் பார்த்திருந்தார்கள்.

பிறகு நடந்தது விசித்திரமான முயற்சி. ஃப்ளோரிடாவின் மறுகரையில், வளைகுடாப் பக்கம் வாழும் ஸ்காட் கிளைக் குருவிப் பெண்ணோடு சேர்த்து, பிறக்கும் பெண் குஞ்சை மறுபடி கறுங்குருவி ஆணோடே சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை கறுங்குருவி ரத்தத்தின் பங்கைக் கூட்டிக்கொண்டே போவது என்று திட்டம். கலப்பினத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று அரசு பணம் தர மறுத்தது. டிஸ்னி வேர்ல்ட் தன் டிஸ்கவரி தீவு விலங்குக்கூடத்தில் இடம் கொடுத்தது. காலில் போட்ட ஆரஞ்சு வளையத்தால் ஆரஞ்சு பாண்ட் என்று அழைக்கப்பட்ட கிழட்டு ஆண், ஒரு கண் தெரியாத நிலையில், 1987 ஜூனில் அங்கே செத்தது. தூய கறுங்குருவி அத்தோடு முடிந்தது. கலப்புக் குஞ்சுகளும் 1989இல் புயலில் கூண்டு சேதமானபின் எலிகளுக்கு இரையாகியும் தப்பிப் பறந்தும் போயின. 1990 டிசம்பரில் அரசு அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பட்டியலில் இருப்பதற்கு உயிர் வேண்டும்.

1989இல் ஜான் அவைஸ், வில்லியம் நெல்சன் இருவரும் இந்தக் குருவிகளின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை ஒப்பிட்டு சயன்ஸ் இதழில் எழுதினார்கள். கறுங்குருவி அட்லாண்டிக் கரையின் மற்றக் குருவிகளோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வளைகுடாக் கரைக் குருவிகள்தான் தூரத்து உறவு, அவை பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. அதாவது, கறுங்குருவியைக் காப்பாற்ற ஜோடி தேடியவர்கள் அட்லாண்டிக் கரையோரத்து நெருங்கிய உறவை விட்டுவிட்டு, தூரத்து உறவிலிருந்து பெண் எடுத்திருக்கிறார்கள். இதை வைத்துச் சிலர், அப்படியானால் கறுங்குருவி தனித்தன்மை எதுவுமில்லாதது, போனதில் பெரிய நஷ்டமில்லை என்றார்கள். எனக்கு அது ஒப்புக்கொள்ள முடியாத வாதம். ஒரே ஒரு மரபணுத் தொகுதியில் வேறுபாடு தெரியவில்லை என்பதற்காக, ஒரு சதுப்பில் மட்டும் அந்தக் கறுப்பு ஏன் உருவானது என்ற கேள்வி தீர்ந்துவிடாது. அந்தக் கேள்வியைக் கேட்க இனி ஆளில்லை. பறவை இல்லை என்பதால்.

பாத்திகளால் நஷ்டப்பட்டது குருவி மட்டுமில்லை. கரை விழுந்ததும் காயலுக்கும் சதுப்புக்கும் இருந்த போக்குவரத்து அறுந்தது. மடவை, ஸ்னூக், டார்ப்பன் போன்ற மீன்கள் குஞ்சுப் பருவத்தைச் சதுப்பின் ஆழமற்ற நீரில் கழிக்க வேண்டியவை. அவற்றுக்கு வாசல் அடைபட்டது. உள்ளே தங்கியது வெப்பத்தையும் உப்பையும் தாங்கும் விரல் நீளப் பொடிமீன். கொக்குக்கு அதுவே போதும். காரிலிருந்து பார்க்கும் விருந்தில் ஒரு பங்கு, காயல் மீனவரின் வலையிலிருந்து கழித்தது.

1970களிலிருந்து ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடிக்க முயன்றார்கள். கொசு முட்டையிடுவது பெரும்பாலும் கோடையில். அப்படியானால் மே முதல் செப்டம்பர் வாக்கில் மட்டும் மதகை மூடி நீரைத் தேக்கி, மற்ற மாதங்களில் திறந்து காயலோடு சேர்த்துவிட்டால்? இலையுதிர் காலத்தில் காயலின் நீர் இயல்பாகவே உயரும். திறந்த மதகு வழியாக மீன்குஞ்சு உள்ளே வரும், குளிர்காலம் முழுக்க வளர்ந்து, வசந்தத்தில் வெளியே போகும். கொசுவுக்கும் இடமில்லை, மீனுக்கும் வழி உண்டு. காயலின் நெடுகிலும் இந்தச் சுழற்சி முறை இன்று வழக்கத்தில் இருக்கிறது. சில கரைகளை முழுதாகவே வழித்தெடுத்து, பழைய சதுப்பின் உயரத்துக்கு மட்டம் செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்த இடங்களில் உவர்ச்செடிகள் சில பருவங்களிலேயே திரும்பின.

எல்லாக் கரைகளையும் எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். எடுத்தால் பிளாக் பாயின்ட்டும் போகும். வலசை வாத்துகளுக்கு வேண்டியது ஆழம் குறைந்த, நீர்ப்பாசி நிறைந்த தேக்கம். இயற்கையான உப்புச் சதுப்பில் அது அவ்வளவாகக் கிடைக்காது. அமெரிக்காவின் உள்நாட்டு ஈரநிலங்களில் பெரும் பகுதியை விவசாயம் விழுங்கிவிட்ட பிறகு, இந்தச் செயற்கைத் தேக்கங்களை நம்பித்தான் பல வாத்துக் கூட்டங்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கொசுவுக்குப் போட்ட கரையை வாத்துக்காக வைத்திருக்கிறார்கள், வாத்துக்காக வைத்திருப்பதில் நாரைக்கும் ஒரு பங்கு, காரில் வருகிறவருக்கும் ஒரு பங்கு. எந்தப் பாத்தியை யாருக்கு, எந்த மாதம் என்பது வருடந்தோறும் புகலிட அலுவலகத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்கப்படும் விஷயம்.

ஆகவே, டைட்டஸ்வில் பக்கம் போக நேர்கிறவர்கள் பார்வையாளர் மையத்தில் என்ன பறவை வந்திருக்கிறது என்று விசாரிப்பதோடு நிற்க வேண்டாம். எந்தப் பாத்தியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கம் போய் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். மட்டம் இறங்கும் முதல் சில நாட்களில் மர நாரைகள் வரும், பள்ளங்கள் சேறாகியபின் உள்ளான்கள். ஊசிவால் வாத்து வேண்டுமென்றால் தண்ணீர் நிறைந்த பாத்தியாகப் பார்த்து, ஜனவரிக்குப் பிறகு போவது நல்லது; அதற்குள் அவை காருக்குக் கொஞ்சம் பழகியிருக்கும்.